காற்றுக் குழாய்க்குள் ஒரு பழைய சாரம்

போன தை மாதம் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் ஒரு வீட்டுக்கு ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரம், சேர்விஸ் செய்யப் போனேன். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற சேர்விஸ்தான், பழுது என்று யாரும் சொல்லவில்லை. என் தோள்பை வாரில், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று எப்போதும் தொங்கும். அதை என் வான் வண்டிக்குப் பக்கத்தில், வெளிக்காற்றில் நின்றுதான் போடுவேன். வீட்டுக்குள் போய்ப் போட்டால் சில மீட்டர்கள் உள்ளே இருக்கிற காற்றையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்.

மேலே ஏதோ பிறந்தநாள் ஆயத்தம். ரோல்ஸ் பொரிகிற மணம், அடுப்புக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. பேஸ்மென்ற் படியில் இறங்கும்போது மீட்டர் 9 பிபிஎம் காட்டியது, அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒன்பது பங்கு. ஃபேர்னஸ் அறைக் கதவைத் திறந்ததும் 22. சுடுதண்ணீர்த் தாங்கி எரியத் தொடங்க எண் ஏறிக்கொண்டே போய் 48-ஐத் தொட்டது. அதற்கு மேல் அங்கே நின்று நான் பார்க்கவில்லை. தாங்கிக்குப் போகும் காஸ் வால்வை மூடிவிட்டு எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன்.

பேஸ்மென்றில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு கிழமையாகத் தலையிடியாம், காலையில் ஓங்காளமாம். பரீட்சை, நித்திரைக் குறைவு என்று நினைத்திருக்கிறார். கல்லூரிக்குப் போனால் சுகமாகிவிடுமாம். வீட்டுக்கு வந்தால் திரும்ப வருமாம். இதைக் கேட்டதும் அவசர உதவிக்கு 911-க்கு எடுத்தேன்.

வீட்டுக்கார அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. "தம்பி, காஸ் மணக்கேல்லையே. அலாரமும் அடிக்கேல்லை."

இரண்டுமே உண்மைதான். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட இரண்டு வசனங்களும் இவைதான்.

மணத்தை முதலில் பார்ப்போம். எரியாத காஸ் கசிந்தால் மணக்கும், ஏனென்றால் அதில் வேண்டுமென்றே மணப்பொருள் கலந்து அனுப்புகிறார்கள். காபன் மொனொக்சைட் வருவது காஸ் எரிந்த பிறகு, அதுவும் அரைகுறையாக எரிந்தால். அப்போது மணப்பொருளும் சேர்ந்து எரிந்துபோயிருக்கும். ஆகவே மூக்கை நம்பிப் பயனில்லை.

அலாரத்தின் கதை வேறு. இங்கே கடையில் விற்கும் அலாரம் 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். 150 என்றால் 10 முதல் 50 நிமிடம், 400 என்றால் 4 முதல் 15 நிமிடம். 30-இல் பல நாட்களுக்கு அடிக்கவே கூடாது என்றும் தரவிதி சொல்கிறது. பொய் அலாரத்தால் சனம் அதைக் கழற்றி எறியக்கூடாது என்பதுதான் நோக்கம். சாவிலிருந்து காப்பாற்ற அது போதும். ஒரு கிழமைத் தலையிடியை அது கண்டுபிடிக்காது. போதாக்குறைக்கு அந்த வீட்டு அலாரம் மேல்மாடிப் படுக்கை அறைக்கு வெளியே இருந்தது. பேஸ்மென்றில் ஒன்றுகூட இல்லை.

தீயணைப்புக்காரர் வந்து போன பிறகு காரணத்தைத் தேடினேன். ஃபேர்னஸ் அறைச் சுவரில், வெளியிலிருந்து காற்றுக் கொண்டுவரும் தகரக் குழாய் ஒன்று நிலத்துக்குக் கிட்டவரை இறங்கியிருந்தது. அதன் வாய்க்குள் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்று இறுக்கி அடைத்திருந்தது.

"உதுக்குள்ளாலை ஐஸ் காத்து வருது தம்பி. சூடாக்கக் காசைக் குடுத்துப்போட்டுக் குளிரை உள்ளுக்கு விடுறதோ எண்டுதான் அடைச்சனான்."

அண்ணையில் பிழை சொல்ல மாட்டேன். அந்தக் குழாய் எதற்கென்று வீடு விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார், முன்பு வந்த சேர்விஸ்காரரும் சொல்லவில்லை. கணக்கு இதுதான்: சாதாரண சுடுதண்ணீர்த் தாங்கி ஒன்று மணிக்கு ஏறக்குறைய 40,000 பி.ரி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும். அது 40 கன அடி காஸ். ஒரு கன அடி காஸ் சரியாக எரிய 10 கன அடி காற்று வேண்டும். ஆக மணிக்கு 400 கன அடி. ஆறுக்கு எட்டு, எட்டடி உயரமான அறையில் இருப்பதே 384 கன அடிதான். கதவையும் சாத்தி, குழாயையும் அடைத்து, மிச்ச இடத்தில் அரிசி மூட்டையும் பெட்டியும் அடுக்கினால் நெருப்பு எதைத் தின்னும்?

காற்றுக் குறைந்தது பாதிக் கதை. மீதிப் பாதி மேலே ரோல்ஸ் பொரித்த இடத்தில் இருந்தது. நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கிற ஃபேன் எங்கள் ஆட்களின் வீடுகளில் சாதாரணம். கறி மணம் உடுப்பில் ஏறக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்குவோம். அது வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். குளிருக்கு இறுக்கிப் பூட்டிய வீட்டில் அதற்குச் சுலபமான வழி சிம்னி. புகை மேலே போக வேண்டிய வழியால் காற்று கீழே இறங்கும். தாங்கியின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் தகட்டின் கீழால் புகை அறைக்குள் வழியும். தாங்கியில் ஒரு பழுதும் இராது. புதிதாக வாங்கி நேற்றுப் பூட்டியதாகக்கூட இருக்கலாம்.

இனி வருவது என் தொழில் ஆட்களுக்கு. அந்த வீட்டில் சில வருடங்களுக்கு முன் பழைய ஃபேர்னஸைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் குழாயால் பக்கச்சுவர் வழியே புகை விடும் புதிய ஃபேர்னஸ் பூட்டியிருந்தார்கள். 2009 முடிவிலிருந்து 90 விழுக்காட்டுக்குக் குறைந்த திறனுள்ள ஃபேர்னஸ் கனடாச் சந்தைக்கு வர முடியாது என்பதால் இந்த மாற்றம் எல்லா வீடுகளிலும் நடந்தது, நல்லதும்கூட. ஆனால் பழைய சிம்னி இரண்டு சாதனங்களின் சூட்டுக்கு அளவெடுத்துக் கட்டியது. இப்போது அதில் சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும் தனித்து நிற்கிறது. அகலமான, வெளிச்சுவரோடு குளிர்ந்துபோன சிம்னியை அந்தச் சின்ன நெருப்பால் சூடாக்கி இழுக்க முடியாது. ஃபேர்னஸ் மாற்றும் அன்றே சிம்னிக்குள் அளவான லைனர், அதாவது ஒடுங்கிய உள்குழாய், இறக்க வேண்டும். கொட்டேஷனில் அந்த வரியை வெட்டினால் விலை குறையும், வேலை கிடைக்கும். அப்படி வெட்டிய இடங்களைக் கனக்கக் கண்டிருக்கிறேன்.

நானும் சுத்தமானவன் இல்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு ஃபேர்னஸில் நெருப்பு வெளியே பாய்ந்தால் நிறுத்தும் சுவிட்ச் விழுந்திருந்தது. கையால் அழுத்தினேன், ஃபேர்னஸ் எரிந்தது, பில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அது ஏன் விழுந்தது என்று கேட்கவில்லை. இரவு படுக்கையில் உறுத்தி, விடிய முதல் வேலையாகத் திரும்பப் போய்த் திறந்து பார்த்தால் வெப்பமாற்றியின் வழிகளில் கரி அடைத்திருந்தது. அந்த இரவு அங்கே ஒரு கைக்குழந்தை இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பாதுகாப்பு சுவிட்சையும் காரணம் தெரியாமல் அழுத்தியதில்லை. வயரால் குறுக்குக் கட்டி ஓடவிட்டிருப்பதைக் கண்டால், பாவிக்கக்கூடாது என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டை கட்டாமல் அந்த வீட்டை விட்டு வந்ததுமில்லை.

சிவப்பு அட்டை என்றதும் சனத்துக்குக் கோபம் வரும். புதிது விற்கத்தான் பயம் காட்டுகிறான் என்பார்கள். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சந்தேகம் நியாயம். அதற்கு மருந்து எண்தான். வந்தவரிடம் கேளுங்கள்: அறைக்காற்றில் எத்தனை பிபிஎம், புகைக்குழாய்க்குள் எத்தனை, எந்த மீட்டரால் அளந்தீர்கள், அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு, மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் வேண்டும், அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. ஃபில்டரை மாற்றி, தூசியை ஊதிவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்புகிறவர் அளக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அலாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பம், தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள், நால்வருமே போனார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. தாய் ஒரு பொலிஸ் அதிகாரி. அவரின் மாமா ஜோன் ஜினியாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் வருடக்கணக்காக அலைந்து வாதாடியதால் வந்த சட்டம்தான் 2014 ஒக்டோபர் முதல் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. பேஸ்மென்றில் ஆள் படுத்தால் அங்கேயும் ஒன்று வேண்டும். அலாரத்தின் பின்பக்கம் தேதி இருக்கும், ஏழு முதல் பத்து வருடத்தில் அதன் ஆயுள் முடியும். பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்பார்கள். அது மின்சுற்றையும் சத்தத்தையும்தான் சோதிக்கும். சென்சர் செத்திருந்தாலும் கூவும்.

கோவிட் காலத்தில் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்த மாணவரும் மாட்டிப் பார்த்திருக்கிறார், 98 காட்டியதாம். காபன் மொனொக்சைட் ஒக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். அப்படிப் பிடிபட்ட இரத்தத்தையும் ஒக்சிஜன் நிறைந்த இரத்தம் என்றே அந்தச் சின்னக் கருவி வாசிக்கும். இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் சுணங்காமல். வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தொடங்கினால் ஐந்து மணி நேரமளவில் பாதி இறங்கிவிடும். பிறகு போய்ச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்பார்கள். ஆகவே வைத்தியரிடம் தலையிடி என்று மட்டும் சொல்லாமல் காபன் மொனொக்சைட் சந்தேகம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அன்று இரவு அந்த வீட்டில் சுடுதண்ணீர் இல்லை. பிறந்தநாள் வேறு. வீட்டுக்கார அக்கா கெற்றிலில் தண்ணீர் கொதிக்கவைத்து விருந்தாளிகளின் கோப்பைகளைக் கழுவினாவாம். மாணவர் இருவரும் மேலே சோபாவில் படுத்தார்கள்.

இரண்டு நாளில் லைனர் இறக்கி, குழாயைத் திறந்து, சமையலறைக்கு வெளிக்காற்று வர வழியும் வைத்தோம். பிறகு யன்னல் கதவெல்லாம் பூட்டி, மேலே ஃபேனை முழு வேகத்தில் விட்டு, உடுப்புக் காயவைக்கும் மெஷினையும் ஓடவிட்டுத் தாங்கியைப் பற்றவைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் தொப்பித் தகட்டின் ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தேன். புகை வழிந்தால் அதில் ஆவி படியும். அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.