மருந்துச் சீட்டில் ‘எம்.எஸ்.’ என்று மட்டும் எழுதாதீர்கள்

மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றும் எனக்கு ‘எம்.எஸ்.’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை மட்டும் தாங்கிய சீட்டு வந்தால், மருந்தை எடுக்கக் கை நீளாது; எழுதிய மருத்துவரையே முதலில் அழைப்பேன். அது மார்ஃபின் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம், மக்னீசியம் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம். முன்னது கடும் வலியைத் தணிக்க மில்லிகிராம் கணக்கில் தரப்படுவது. பின்னது கர்ப்பகால வலிப்பைத் தடுக்க, தொடக்கத்திலேயே 4 கிராம் என்ற அளவில் ஏற்றப்படுவது. அளவு மீறினால் இரண்டுமே சுவாசத்தை ஒடுக்கும். ஆனால் மார்ஃபினுக்கு முறிமருந்து நலாக்சோன், மக்னீசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட். உடலில் ஏறியது எது என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், உயிர்காக்கும் நிமிடங்கள் விசாரிப்பதிலேயே கழிந்துவிடும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்’ பட்டியலிலேயே இதைச் சேர்த்து, மருந்தின் பெயரை முழுமையாக எழுதும்படி அறிவுறுத்தியது. யூனிட் என்பதைக் குறிக்கும் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தும் அதில் உண்டு. அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்தால் இன்சுலின் அளவு பத்து மடங்காகிவிடும்.

நோயின் பெயரிலும் இதே சிக்கல்தான். நரம்பியல் பிரிவில் எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், அதாவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் மயலின் உறை சிதையும் நோய். இதயப் பிரிவிலோ அது மைட்ரல் ஸ்டெனோசிஸ், பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சலின் விளைவாக இதய வால்வு சுருங்கிப்போகும் நிலை. கர்ப்பிணி ஒருவரின் கோப்பில் ‘எம்.எஸ். உள்ளவர்’ என்று மட்டும் இருந்தால், பிரசவ அறையில் அதன் பொருளை ஊகிக்க இடமளிக்கக் கூடாது. சுருங்கிய வால்வு உள்ளவருக்குச் சற்றே கூடுதலாக நீர் ஏற்றினாலும் நுரையீரலில் நீர் கோத்துவிடக்கூடும்.

பொறியாளருக்கு எம்.எஸ். மென்னெஃகு, சுவடி ஆய்வாளருக்குக் கையெழுத்துப் படி, ஆய்வுக்கூடத்தில் நிறை நிறமாலையியல், மருத்துவர் பெயருக்குப் பின்னால் அறுவை சிகிச்சைப் பட்டம். அவரவர் துறைக்குள் புழங்கும்வரை இவற்றால் குழப்பமில்லை. மருத்துவக் கோப்பு அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரே நாளில் அவசரப் பிரிவு, கதிரியக்கப் பிரிவு, மருந்தகம், தீவிர சிகிச்சைப் பிரிவு எனக் கைமாறிக்கொண்டே போகிறது. கணினி வந்ததால் கையெழுத்துக் குழப்பம் குறைந்தது உண்மையே; ஆனால் தெளிவாக அச்சிட்டாலும் ‘எம்.எஸ்.’ இரு பொருள் தரும் சுருக்கமாகவே நிற்கும்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்கத் தயங்க வேண்டாம். சுருக்கத்தை இணையத்தில் தேடி, தனக்கில்லாத நோயைப் படித்துக் கலங்குவதைவிட, வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் விரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளின் படம் ஒன்று உங்கள் கைபேசியிலும் உடனிருப்பவர் கைபேசியிலும் இருக்கட்டும். அடுத்து நீங்கள் போகும் மருத்துவமனையில் பழைய கோப்பு கிடைக்காமல் போகலாம்.