பழைய மடிக்கணினி ஏன் திணறுகிறது, லினக்ஸ் அதை எப்படித் தேற்றுகிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் குறைந்தது 4 ஜிபி ரேமையும் (நிரல்கள் ஓடும்போது தங்கும் நினைவகம்) கேட்கிறது. 2012-இல் வாங்கிய மடிக்கணினியில் முதலாவது நிச்சயம் இருக்காது. இரண்டாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எடைக்குப் போடுவதற்கு முன், அந்தக் கணினி ஏன் திணறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால் தவிர, செயலி வயதாகி வேகம் குறைவதில்லை. வாங்கிய அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடும். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வேலை என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் அகப்பட்டுவிடும்: செயலி ஏறக்குறைய சும்மா இருக்கும், டிஸ்க் என்ற இடத்தில் மட்டும் 100 சதவீதம் என்று காட்டும்.

ரேம் 2 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 10 எழுந்து நிற்கவே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் மீதியும் தீர்ந்தது. அதற்கு மேல் இடம் கேட்டால், சற்று நேரமாகத் தொடப்படாத ரேம் துண்டுகளை ('பக்கம்' என்பார்கள், ஒன்றுக்கு 4 கேபி) இயங்குதளம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைத்து இடத்தைக் காலி செய்கிறது. நீங்கள் பழைய சாளரத்துக்குத் திரும்பியதும் அவற்றை மறுபடி கொண்டுவர வேண்டும். அதுவரை அந்த நிரல் அப்படியே நிற்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? மடிக்கணினிகளில் சாதாரணமாக வரும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லிவிநாடி. ரேமிலிருந்து எடுக்க ஆவதோ சுமார் 100 நானோவிநாடி. ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம். ரேமில் ஒரு விநாடியில் முடிகிற வேலைக்கு டிஸ்க்கில் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று பெருக்கிப் பார்த்தால், சுட்டியின் முள் ஏன் உறைந்து நிற்கிறது என்பது புரியும்.

லினக்ஸும் விண்டோஸைப் போல ஓர் இயங்குதளம்தான், பல வெளியீடுகளாக வருகிறது. எடை குறைந்த லினக்ஸ் கைவைப்பது இந்த இடத்தில்தான். செயலியை அது வேகப்படுத்துவதில்லை. ரேமைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் விடுகிறது. ஆன்டிஎக்ஸ் என்ற வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது, கிரேக்க நாட்டிலிருந்து வருகிறது. முழுதாகத் தொடங்கிய பிறகும் 200 முதல் 300 எம்பிக்குள் அடங்கிவிடும். வன்பொருளை நேரடியாகக் கையாளும் உட்கருவான கர்னல் மற்ற லினக்ஸ்களில் இருப்பதேதான். சிக்கனம் முழுக்க அதற்கு மேலே இருக்கிறது. சாளரங்களுக்குச் சட்டம் வரைய ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய நிரல். அது ஒளிபுகும் ஓரம், மிதக்கும் நிழல் போன்றவற்றுக்காக ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனியே சேமித்து வைப்பதில்லை. பின்னணியில் கோப்புகளை ஓயாமல் அட்டவணையிடும் சேவையும் இல்லை. கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி என்ற நிரல் இல்லாததையும் ஒரு பெருமையாகச் சொல்வார்கள். அது கொள்கைப் பிடிவாதம். அதனால் மிச்சமாகும் ரேம் கொஞ்சம்தான் என்பது என் கணிப்பு.

பப்பி லினக்ஸ் வேறு வழியில் போகிறது. ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003-இல் தொடங்கியது. ரேம் போதுமான அளவு இருந்தால் தன்னையே முழுவதும் அதற்குள் ஏற்றிக்கொண்டு ஓடும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கணினிக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். கணினி தொடங்கும்போது (பூட் ஆகும்போது) வரும் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தும் தொடாமல் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

நிறுவும்போது பலர் தடுக்கி விழுவது முதல் படியிலேயே. இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (முழு லினக்ஸும் அடங்கிய ஒரே கோப்பு) பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்துவிட்டு, பூட் ஆகவில்லை என்பார்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலான பயாஸுக்கு, பழைய கணினிகளில், கோப்பு, கோப்புறை எதுவும் தெரியாது. அது பென்டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்துப் பார்க்கும். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பிரிவு அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரைக்கு. முத்திரை சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த நிரலை ஓட்டும். அதுதான் பூட் லோடரை அழைக்கிறது. பூட் லோடர் கர்னலை ஏற்றுகிறது. கர்னல், சுருக்கி வைத்த கோப்பு முறைமையைத் திறக்கிறது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகள் ஐஎஸ்ஓவை எழுதும்போது இந்த முதல் 512 பைட்டையும் அதன் இடத்தில் வைக்கின்றன. நகலெடுத்தால் அது கோப்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும்.

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி இருப்பதால், நிறுவுமுன் வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு நிறுவும் நிரல் (நிறுவி) கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால், புகைப்படங்களை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். நிறுவி முடித்ததும் இசட்ரேம் என்ற வசதியை இயக்கிவிடலாம். டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கங்களை அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்கிறது. சுருக்க ஆகும் நேரம், டிஸ்க்கின் 15 மில்லிவிநாடியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பட்டியலில் தேர்ந்தெடுத்தால் சரி.

இனி கசப்பான பகுதி. இயங்குதளம் இளைத்தாலும் இணையம் இளைக்கவில்லை. ஒரே ஒரு செய்தித்தளப் பக்கம், ஆன்டிஎக்ஸ் மொத்தமாக எடுக்கும் ரேமை விழுங்கிவிடக்கூடும். யூடியூப் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கி அனுப்பும் காணொளிகளை விரிக்கத் தனி வன்பொருள் பழைய சில்லுகளில் கிடையாது. செயலியே மூச்சுவாங்க எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இன்றைய 64 பிட் செயலிகளுக்கு முந்தைய தலைமுறையான 32 பிட் செயலி என்றால் நிலைமை இன்னும் மோசம். 2008-இல் வந்த, இன்டெலின் ஆட்டம் என்270 செயலி வைத்த நெட்புக்குகள் (சிறிய மடிக்கணினிகள்) இந்த ரகம். 32 பிட் லினக்ஸுக்கு குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. இவற்றைத் தட்டச்சுக்கும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். புதுப்பிப்பு நின்றுபோன உலாவியில் வங்கிக் கணக்குக்குள் நுழைய வேண்டாம்.

64 பிட் கணினியாக இருந்து கையில் கொஞ்சம் பணமும் இருந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) வாங்குங்கள். 15 மில்லிவிநாடி அங்கே 0.1 ஆகிவிடுகிறது. எந்த லினக்ஸ் என்ற விவாதத்தைவிட இது அதிகம் பலன் தரும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும், உலாவி எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சொன்னால் புது இயங்குதளத்தைத் திட்டாதீர்கள். மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்று காட்டலாம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினி தேதியை மறந்துவிடும். இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் அதன் கணக்கில் இன்னும் தொடங்கவே இல்லாதவை. பெரும்பாலும் அது சிஆர்2032 ரகம். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும்.