ஜிம்மிலிருந்து நேராக ரத்தப் பரிசோதனைக்கு

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வயது 34, மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி. கையில் முழு உடல் பரிசோதனை அறிக்கை. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையில் அவரே இரண்டு கோடு போட்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 96. "மன அழுத்தம் குறையட்டும் என்றுதான் தினமும் உயிரைக் கொடுத்து உடற்பயிற்சி செய்கிறேன் டாக்டர். அப்புறம் ஏன் இது கூடியிருக்கிறது?"

ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்றேன். காலை ஏழரைக்கு. அதற்கு முன்? ஏழு மணி வரை ஜிம். வியர்வை காய்வதற்குள் பரிசோதனை நிலையம்.

கார்ட்டிசால் இயல்பாகவே காலையில் உச்சத்தில் இருக்கும். அதன் மேல் கடும் பயிற்சி வேறு. கூடாமல் என்ன செய்யும்? (முதல் நாள் பளு தூக்கிவிட்டு ரத்தம் கொடுத்தால், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி கூட ஏறும். தசையிலிருந்து வருவது அது. கல்லீரல் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

அறிக்கையை விடுங்கள். என்னை எரிச்சலூட்டுவது இந்தக் கணக்குதான்: உடம்பை எவ்வளவு வருத்துகிறோமோ அவ்வளவு எண்டார்ஃபின் (வலியைக் குறைத்து மனதுக்கு இதம் தரும், உடலே சுரக்கும் பொருள்), எண்டார்ஃபின் வந்துவிட்டால் கார்ட்டிசால் ஓடிவிடும். யார் கிளப்பிவிட்டார்களோ, வருகிற எல்லோரும் இதையே ஒப்பிக்கிறார்கள். ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. அது ஒரு பெரிய புரதத்தைத் தயாரித்துத் துண்டு போடுகிறது. ஒரு துண்டு ஏ.சி.டி.எச்.; கார்ட்டிசாலைச் சுரக்கும்படி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்வது அதுதான். இன்னொரு துண்டிலிருந்து கிடைப்பது பீட்டா எண்டார்ஃபின். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடும் பயிற்சியின்போது சேர்ந்தேதான் ரத்தத்தில் இறங்குகின்றன. பிறகு எங்கே ஒன்று மற்றொன்றை விரட்டுவது? போதாக்குறைக்கு, ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதும் இல்லை.

மூளைக்குள்ளேயே சுரப்பது தனிக் கதை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் அதை ஸ்கேன் எடுத்தே பார்த்தார்கள். மூச்சுத் திணறும்படி, இடையிடையே நிறுத்தி நிறுத்திச் செய்யும் கடும் பயிற்சியில் மூளைக்குள் எண்டார்ஃபின் வகைப் பொருள்கள் வெளிப்பட்டது உண்மைதான். ஆனால் செய்தவர்களுக்கு அப்போது மனம் குதூகலிக்கவில்லை. சோர்வும் எரிச்சலும்தான் கூடின. கார்ட்டிசால் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவு. உடலின் உச்சத் திறனில் 60 சதவீத அளவில் அரை மணி நேரம் பயிற்சி செய்தபோது கார்ட்டிசால் சுமார் 40 சதவீதம் ஏறியது. 80 சதவீத அளவில் சுமார் 83 சதவீதம். 40 சதவீத அளவில், அதாவது நடை போன்ற பயிற்சியில், குறையத் தொடங்கியது.

கடும் பயிற்சியே கூடாது என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிடுபவருக்கு அந்த ஏற்றம் சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடும், உடலும் பழகும். இவர் தூங்குவது நான்கரை மணி நேரம். பயிற்சிக்கு முன் காஃபின் கலந்த பொடி ஒரு கரண்டி. அதுவும் கார்ட்டிசாலை ஏற்றுவதுதான்.

ஆகவே, தூக்கம் கெட்ட நாளில் பளுவைத் தொடாதீர்கள். நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம், அதற்குக் கைக்கடிகாரம் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் இப்படிச் செய்தால் மிதமான பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச அளவு முடிந்தது. கடும் பயிற்சி வேண்டுமென்றால் வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு விட்டு. காலை எழுந்ததும் நாடியைப் பிடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் நிறுத்துங்கள். நெஞ்சு அடைத்தாலோ, மயக்கம் வந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். தயவுசெய்து.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கவலையோடு சொன்னார்: "ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டேனே டாக்டர்." ட்ரெட்மில்லில் மெதுவாக நடக்கிறவர்களை அங்கே யாரும் வெளியே அனுப்புவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.