நல்லிணக்க விளையாட்டு: சொல்லும் பொருளும்

ஏப்ரல் 6-ஐ ‘வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு’ நாளாக ஐ.நா. பொதுச்சபை 2013-இல் அறிவித்தது. 1896-இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கிய நாள் அது. வளர்ச்சியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சுருக்கினால் ‘அமைதி விளையாட்டு’ என்று வருகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பெங்களூரு அல்சூரில் ஒரு நோட்டீசில் இதைப் படிக்கிறவர், சத்தம் போடாமல் ஆடச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ‘அமைதி காக்கவும்’ என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படித்துப் பழகிய கண் நமக்கு.

பொருள் இதுதான்: போராலோ கலவரத்தாலோ பிரிந்துபோன மக்களை, ஆட்டத்தின் வழியாக மறுபடி பழகவைக்கும் முயற்சி.

ஆங்கிலத்து ‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மனத்தை வேலையிலிருந்து வேறு பக்கம் கொண்டுபோவது, அதாவது பொழுதுபோக்கு, என்பதே மூலப்பொருள். பகை தீர்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய கிரேக்கர்கள் ஒலிம்பிக் காலத்துக்கென்று வைத்திருந்த சொல் ‘எக்கெகைரியா’. கையை அடக்கிவைப்பது என்று பொருள். அதுவும் போர்களை நிறுத்திவிடவில்லை. ஆடப் போகிறவர்களும் பார்க்கப் போகிறவர்களும் வழியில் தாக்கப்படாமல் போய்வர ஏற்பாடு, அவ்வளவுதான்.

ஆட்டம் தானாக யாரையும் சேர்த்துவைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-இல் எல் சால்வடோரும் ஹோண்டுராசும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. அடுத்த சில வாரங்களில் நிஜமாகவே போர். காரணம் நிலமும் குடியேற்றமும்தான் என்றாலும் கால்பந்து எண்ணெய் ஊற்றியது. 1990 மே மாதம் சாக்ரெப் மைதானத்தில் குரோஷிய, செர்பிய ரசிகர்கள் அடித்துக்கொண்டதும் அப்படித்தான். நம் வழக்கையே பாருங்கள், யாழ்ப்பாணத்தில் இரண்டு பள்ளிகள் ஆடும் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பெயர் ‘வடக்கின் பெரும் சமர்’!

அப்படியானால் எது சேர்த்துவைக்கிறது? விதிகள். 1994 உலகக் கோப்பையில் தன் அணி வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அதே நகரில் இளைஞர்களுக்காக ஒரு கால்பந்து முயற்சி தொடங்கியது. அதில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். முதல் கோலைப் பெண்தான் அடிக்க வேண்டும். நடுவர் கிடையாது. இந்த முறை பிற நாடுகளுக்குப் பரவியபோது ஆட்டத்துக்கு மூன்று பகுதிகள் ஆயின: முதலில் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்யும், அப்புறம் ஆடும், கடைசியில் மறுபடி உட்கார்ந்து, யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி போடும். நடுவரைத் திட்டித் தப்பிக்க முடியாது, எதிரணியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

இதற்குத் தமிழில் பொருத்தமான சொல் இணக்கம். இணை, இணங்கு, இணக்கம். இணங்கினால்தான் அங்கே ஆட்டமே தொடங்குகிறது. ‘நல்லிணக்கம் அல்லது அல்லற் படுத்தும்’ என்கிறது கொன்றை வேந்தன்; அங்கே அது நல்லவர்களோடு கூடும் நட்பு. இன்றைக்கு இலங்கையில் போருக்குப் பிந்தைய அரசாங்கச் சொல்லாகி, ஆணைக்குழுப் பெயரிலெல்லாம் ஏறி, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இருந்தாலும் ‘சமாதானம்’ என்பதைவிட இதுவே மேல். அழுகிற குழந்தையையும் நாம் சமாதானப்படுத்துகிறோம். அதில் ஒருவர் தேற்றுகிறார், மற்றவர் அடங்குகிறார். இணக்கத்துக்கு இரண்டு பேரும் வேண்டும்.

விளையாட்டு என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று நாம் அதை லேசாக்கிவிட்டோம், ஆனால் தொல்காப்பியம் ‘அல்லல் நீத்த உவகை’ பிறக்கும் நான்கில் ஒன்றாக அதை வைத்திருக்கிறது. ஆகவே நல்லிணக்க விளையாட்டு.

பேச்சில்? பிள்ளைகளிடம் ‘காய் விட்டவங்க பழம் விடுற மேட்ச்’ என்றால் வேறு விளக்கமே வேண்டாம். பெரியவர்களுக்கு ‘ராஜி’ இருக்கிறது. இங்கே கன்னடக்காரருக்கும் அதே சொல்தான். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த ஊர் இது. அந்த ஆண்டு திறக்க வேண்டிய அல்சூர் வள்ளுவர் சிலை, 2009-இல் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்ட அதே மாதம்தான் திறக்கப்பட்டது. அந்தச் சிலைக்குப் பக்கத்திலேயே, பெலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரம் இருக்கிறது. எனவே இந்தச் சொல் இங்கே மேடையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளப்புகள் புள்ளிக் கணக்கில்லாமல் ஆடுவதை ‘நட்பு ஆட்டம்’ என்கிறோம். அங்கே முன்பகை எதுவும் கிடையாது, அடுத்த தொடருக்கான பயிற்சிதான். அதற்கு ‘நல்லிணக்கம்’ என்று போர்டு மாட்டத் தேவையில்லை.