புதிய பதிப்பு வரும்போது பழைய தேதிகள் என்னவாகின்றன?

ஒரு திட்டத்தில் 2,000 பணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பொறுப்பாளர், அதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டிய பணிகள் எனப் பல விவரங்கள். இணையவழித் திட்ட மேலாண்மை மென்பொருள் இவ்வளவையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, பலர் ஒரே நேரத்தில் பார்க்கவும் திருத்தவும் இடம் தருகிறது. அந்த மென்பொருளுக்கு இப்போது புதிய பதிப்பு வருகிறது. அதில் உள்ள முக்கிய மாற்றம் ஒன்றுதான்: இதுவரை எல்லா நாள்களையும் வேலை நாள்களாக எண்ணியது, இனி சனி, ஞாயிறை விட்டுவிட்டு எண்ணும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். பயனர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவந்த வசதியாகவும் இருக்கும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களுக்குள் இந்த மாற்றத்தை நுழைப்பது, வசதியை எழுதுவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. ஏன் என்பதை ஒரு பணியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

வியாழக்கிழமை தொடங்கும் ஒரு வடிவமைப்புப் பணி. கால அளவு ஐந்து நாள். பழைய கணக்கில் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று எண்ணி, திங்களன்று முடியும் எனத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கிறது. புதிய கணக்கில் ஐந்து வேலை நாள் என்றால் வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன். பணி புதன்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. தேதியைத் தள்ளக் கூடாது, திங்களன்றே முடிய வேண்டும் என்றால் கால அளவை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறியே தீரும். "ஐந்து நாள்" என்று பதிந்தவர் ஐந்து நாள் உழைப்பை நினைத்தாரா, திங்களன்று முடிக்க வேண்டும் என்று நினைத்தாரா என்பது தரவுத்தளத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஒரு பணியோடு இது நின்றால் பரவாயில்லை. வடிவமைப்பு முடிந்த மறுநாள் மூன்று நாள் சோதனை தொடங்க வேண்டும் என்று இணைப்பு இருக்கிறது. பழைய கணக்கில் சோதனை செவ்வாயில் தொடங்கி வியாழனில் முடிந்தது. கால அளவை அப்படியே வைத்துப் புதிய முறையில் எண்ணினால், சோதனை வியாழனில் தொடங்கி, வார விடுமுறையைத் தாண்டி அடுத்த திங்களில் போய் முடியும். இரண்டே பணிகளில் நான்கு நாள் நழுவிவிட்டது. இப்படித் தொடர்ச்சியாக 100 நாள் நீளும் பணிச் சங்கிலி, வேலை நாள் கணக்கில் ஏறத்தாழ 140 நாளாக நீண்டுவிடும். யாரும் எதையும் தொடவில்லை, மென்பொருள் மட்டும் புதிதாகியிருக்கிறது.

இந்தச் சங்கிலிக் கணக்கின் வரலாறு பழையது. 1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, யூனிவாக் கணினியில் இயக்குவதற்காக இதை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற இதற்கு நெருங்கிய முறையைக் கொண்டுவந்தது. இன்றைய மென்பொருளின் உள்ளேயும் அதே அடிப்படைதான் இயங்குகிறது. எந்தப் பணிக்குப் பின் எது என்ற வரிசையில் எல்லாப் பணிகளையும் முதலில் அடுக்கிக்கொள்கிறது. இதற்கு ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முன்னால் முடிய வேண்டிய பணி எதுவும் இல்லாதவற்றை எடுத்து வரிசையில் வை, அவற்றைப் பணிகளின் இணைப்பு வலையிலிருந்து நீக்கு, நீக்கியதால் புதிதாக விடுபட்டவற்றை எடு, இப்படியே தொடர். கடைசியில் எடுக்க முடியாமல் சில பணிகள் மிஞ்சினால், அவற்றுக்கிடையே எங்கோ ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வட்டம் இருக்கிறது என்று பொருள்.

அடுக்கி முடித்ததும் முன்னோக்கி ஒரு சுற்று: ஒவ்வொரு பணியும் எவ்வளவு சீக்கிரம் முடிய முடியும் என்று கணக்கிடுகிறது. பிறகு இறுதித் தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு சுற்று: திட்டத்தின் முடிவைப் பாதிக்காமல் ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாகலாம் என்று பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தப் பணிக்குக் கிடைக்கும் அவகாசம். அவகாசம் சிறிதும் இல்லாத பணிகளின் தொடர் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் தாமதம் என்றால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தாமதம். வேலையின் அளவு பணிகளும் இணைப்புகளும் பெருகும் விகிதத்திலேயே பெருகுவதால், சில ஆயிரம் பணிகளை இன்றைய கணினி ஒரு நொடிக்குள் முடித்துவிடும்.

இங்கேதான் வேலை நாள் மாற்றம் உண்மையிலேயே ஆபத்தாகிறது. ஒரு கட்டுமானத் திட்டத்தில் இரண்டு தொடர்கள் ஒரே திங்களன்று தொடங்குகின்றன. ஒன்று, கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் 28 நாள். மற்றது, வேறோர் இடத்தில் ஆட்கள் செய்ய வேண்டிய 22 நாள் வேலை. பழைய கணக்கில் கான்கிரீட்தான் கிரிட்டிகல் பாத், மற்ற வேலைக்கு ஆறு நாள் அவகாசம் உண்டு. புதிய கணக்கிலோ 22 வேலை நாள் என்பது நான்கு முழு வாரமும் அதற்கு மேல் இரண்டு நாளும். அதாவது முதல் திங்களிலிருந்து எண்ணினால் முப்பதாம் நாளில் முடிகிறது. கான்கிரீட் ஞாயிறு என்று பார்த்து இறுகாமல் இருப்பதில்லை. அது 28ஆம் நாளே தயார். அவகாசம் இப்போது கான்கிரீட் பக்கம் போய்விட்டது, இதுவரை நிதானமாகச் செய்யலாம் என்று விட்டுவைத்த வேலை தலைக்கு மேல் வந்து நிற்கிறது. திட்ட மேலாளர் எந்தக் குழுவின் மீது கண் வைக்க வேண்டும் என்பதே மாறிவிட்டது.

மென்பொருள் எண்ணும் முறையைத் திட்டம் முழுமைக்கும் ஒரே விசையால் மாற்றக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு பணிக்கும் "விடுமுறையையும் சேர்த்து எண்ணு" என்ற தனிக்குறி வேண்டும். சனி, ஞாயிறில் மட்டும் திட்டமிட்ட சர்வர் பராமரிப்புப் பணியை யோசித்துப் பாருங்கள். தனிக்குறி இல்லாவிட்டால் அதன் கால அளவு பூஜ்யமாகிவிடும். பழைய பணிகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பதிப்பு மாறும் நாளில் ஒரு தேதிகூட நகரக் கூடாது. தேதி என்பது இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. கால அளவு நம் கணக்கு. ஆகவே பழைய பணிகள் அனைத்துக்கும் "விடுமுறையையும் சேர்த்து எண்ணு" குறியை இட்டு, அவை இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். புதிய பணிகள் மட்டும் புதிய முறையில் எண்ணப்படட்டும்.

முடிவு எடுத்தாயிற்று. அதை ஓடும் மென்பொருளுக்குள் எப்படிச் செலுத்துவது? மேசைக் கணினியில் நிறுவும் மென்பொருள் என்றால் அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்வார்கள். இணையவழி மென்பொருள் ஒரே நொடியில் எல்லோருக்கும் மாறிவிடும் என்று தோன்றும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. பின்னால் பல சர்வர்கள் இருக்கும், அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் புதுப்பிக்கப்படும். காலையில் திறந்து வைத்த பிரவுசர் பக்கங்களில் பழைய நிரல் மாலை வரை உயிரோடு இருக்கும். தரவுத்தளமோ ஒன்றே ஒன்று. பழைய சர்வரும் புதிய சர்வரும் பழைய பக்கமும் அந்த ஒரே தரவுத்தளத்தில்தான் எழுதப்போகின்றன.

அதனால் முதல் அடி தரவுத்தளத்தில், அதுவும் எதையும் கெடுக்காத அடி. பணிகளின் அட்டவணையில் புதிய குறிக்காக ஒரு நெடுவரிசையைச் சேர்க்கிறார்கள். இருப்பதை மாற்றுவதில்லை, நீக்குவதுமில்லை. பழைய நிரலுக்கு அந்த நெடுவரிசை இருப்பதே தெரியாது, அது தன் போக்கில் இயங்கும். இதிலும் ஒரு கண்ணி இருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், முன்னிருப்பு மதிப்போடு (எதுவும் தராதபோது தானாக இடப்படும் மதிப்பு) நெடுவரிசையைச் சேர்த்தால் முன்பெல்லாம் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படும். அது முடியும் வரை அந்த அட்டவணையை வேறு யாரும் தொட முடியாது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பு, நிலையான மதிப்புகளுக்கு இந்தத் தொல்லையைப் போக்கியது.

அடுத்து, பழைய பணிகளில் குறியை நிரப்ப வேண்டும். ஒரே கட்டளையில் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் மாற்றினால் தரவுத்தளம் திணறும். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, இடையில் மூச்சுவிட இடம் கொடுத்துச் செய்வார்கள். "குறி இன்னும் காலியாக உள்ள பணிகளை மட்டும் எடு" என்று எழுதிவிட்டால், நடுவில் அறுந்துபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கவனமில்லாதவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வழக்கமான சேமிப்பு வழியில் இந்த மாற்றத்தைச் செய்தால், ஒவ்வொரு பணியும் "இன்று திருத்தப்பட்டது" என்று காட்டும். பின்தொடர்பவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் பறக்கும். அந்த நேரத்தில் திருத்தப் படிவத்தைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குச் சேமிக்கவும் முடியாது.

ஏன் சேமிக்க முடியாது? இருவர் ஒரே பணியைத் திருத்தும்போது ஒருவர் எழுத்து மற்றவருடையதை அழிக்காமல் காக்கும் ஏற்பாடு அங்கே குறுக்கே வருகிறது. ஒருவர் திறந்ததும் பணியைப் பூட்டிவிடுவது ஒரு வழி. அவர் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1981இல் கணினி ஆய்வாளர்கள் குங், ராபின்சன் இருவரும் மாற்று வழியை விளக்கி எழுதினார்கள்: பூட்டாமல் விடு, சேமிக்கும் நேரத்தில் மட்டும் மோதலைப் பார். நடைமுறையில் இன்று இதற்கு ஒவ்வொரு பணியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். நான் திறக்கும்போது அது 7. சேமிக்கும்போது, "எண் இன்னும் 7ஆக இருந்தால் மட்டும் எழுது, எழுதியதும் 8ஆக்கு" என்று கட்டளை போகிறது. இடையில் வேறொருவர் சேமித்து அது 8ஆகியிருந்தால், கட்டளைக்குப் பொருந்தும் வரிசை ஒன்றும் இருக்காது, எதுவும் எழுதப்படாது. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று எனக்குச் செய்தி வரும். 2006இல் ஜான்-பிலிப் லாங் தொடங்கிய ரெட்மைன் போன்ற திறந்தமூலத் திட்ட மேலாண்மை மென்பொருள்கள் இந்த முறையைத்தான் கையாள்கின்றன. பின்னணியில் குறியை நிரப்பும் நிரல் இந்த எண்ணையும் ஏற்றிவிட்டால், படிவத்தைத் திறந்து வைத்த ஒவ்வொருவருக்கும் இல்லாத மோதல் ஒன்று காட்டப்படும். ஆகவே நிரப்பும் நிரல் அந்த எண்ணையும் திருத்திய நேரத்தையும் தொடாமல், குறியை மட்டும் எழுத வேண்டும்.

காலையில் திறந்த பழைய பக்கம் இன்னொரு சிக்கல். அதிலுள்ள நிரல் முடிவுத் தேதியைத் தானே பழைய முறையில் கணக்கிட்டு அனுப்பும், புதிய குறியைப் பற்றி வாயே திறக்காது. பக்கத்தின் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும்படி முன்கூட்டியே செய்து வைத்திருந்தால், சர்வர் பழைய பக்கத்தை அடையாளம் கண்டு, தானே கணக்கிட்டுக்கொள்ளலாம் அல்லது பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லலாம். எழுதிக்கொண்டிருந்த குறிப்பு அழிந்துபோகாமல் புதுப்பிக்கச் சொல்வதுதான் மரியாதை.

சர்வர்கள் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும் நேரத்தை அசட்டையாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, திட்ட மேலாண்மைக்கு வெளியே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல் புதிய நிரலை இயக்கியது. எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு அது போய்ச் சேரவில்லை. எப்போதோ கைவிட்ட வசதிக்குரிய குறியைப் புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அந்த எட்டாவது சர்வரில் குறி பழைய நிரலை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரைத் தாண்டியது. பழைய குறியை வேறு பொருளில் மறுபடி பயன்படுத்தக் கூடாது, எல்லா சர்வர்களும் மாறிவிட்டன என்று சரிபார்க்காமல் புதிய வசதியைத் திறக்கக் கூடாது என்ற இரண்டு பாடங்களையும் அந்த நிறுவனம் தன் நிதியால் எழுதிவிட்டுப் போனது.

ஆகவே புதிய நிரல் எல்லா சர்வர்களிலும் நிறுவப்பட்ட பிறகும் வசதி மூடியே இருக்கும். இந்த இடைவெளியில் மிகப் பயனுள்ள ஒரு சோதனையைச் செய்யலாம். ஒவ்வொரு முறை தேதிகள் கணக்கிடப்படும்போதும் பழைய, புதிய கணக்குகள் இரண்டையும் ஓட்டி, பழையதன் விடையை மட்டும் பயனருக்குக் காட்டி, வேறுபாடுகளைத் தனியே குறித்துக்கொள்வது. பழைய பணிகளுக்கெல்லாம் குறி இட்டாகிவிட்டதால் அவற்றில் வேறுபாடே வரக் கூடாது. வந்தால், குறி நிரம்பாத பணி எங்கோ இருக்கிறது அல்லது புதிய நிரலில் பிழை இருக்கிறது. செயற்கையாக உருவாக்கிய சோதனைத் தரவில் ஒருபோதும் தோன்றாத விசித்திரங்கள், தொடக்கத்துக்கு முன்பே முடியும் பணிகூட, உண்மைத் தரவில்தான் அகப்படும்.

பிறகு சிலருக்கு மட்டும் திறந்து, சில நாள் கவனித்து, எல்லோருக்கும் திறப்பார்கள். ஏதாவது தவறினால் மூடிவிடலாம். ஆனால் புதிய முறையில் ஒருவர் பணிகளைப் பதிந்துவிட்ட பிறகு பழைய நிரலுக்கே திரும்புவது அவ்வளவு எளிதல்ல. பழைய நிரலுக்குக் குறி தெரியாது, அது அந்தப் பணிகளை எல்லா நாளும் சேர்த்து எண்ணி, தேதிகளை முன்னால் இழுத்துவிடும். திரும்பும் வழி எந்தப் புள்ளி வரை திறந்திருக்கிறது என்பதை முன்பே எழுதி வைப்பவர்களே நல்ல பொறியாளர்கள். இதே காரணத்தால் பழைய கணக்கு நிரலையும் அதற்கான தற்காலிக ஏற்பாடுகளையும் இந்தப் பதிப்பிலேயே நீக்குவதில்லை. அந்தச் சுத்திகரிப்பு அடுத்த பதிப்பிலோ அதற்கடுத்ததிலோ நடக்கும்.

பழைய பணிகளை இருந்தபடியே விட்டோம் அல்லவா, அவற்றைப் புதிய கணக்குக்கு மாற்ற விரும்புபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் புதிய பதிப்பு செய்ய வேண்டியது, மாற்றுவதற்கு முன் ஒரு பட்டியலைக் காட்டுவது: இந்தப் பணி திங்களிலிருந்து புதனுக்குப் போகும், இதன் அவகாசம் ஆறிலிருந்து பூஜ்யமாகும், திட்டத்தின் முடிவு இத்தனை நாள் தள்ளும் என்று. பட்டியலில் கான்கிரீட் போன்ற பணிகளைத் தேர்ந்தெடுத்து விலக்க வழி வேண்டும். மேலாளர் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகு, அவர் பெயரிலேயே அந்த மாற்றம் வரலாற்றில் பதிவாக வேண்டும்.