‘சர்வைவர்’ என்பவரைத் தமிழில் எப்படி அழைப்பது?

சில மாதங்களுக்கு முன்பு, வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்கு உதவும் ஒரு மையத்துக்காக ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் வரியே ‘சர்வைவர்’ பெயரைக் கேட்டது. எனக்கு முன்பு யாரோ அதை ‘உயிர் பிழைத்தவரின் பெயர்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் கட்டைப்பை. அதில் இரண்டு நைட்டி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், லேமினேட் செய்த ஆதார். படிவத்தை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, “யாருக்கா செத்துப்போனது?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. பஸ் கவிழ்ந்து பத்துப் பேர் போய், ஒருவர் மிஞ்சினால் அவரைத்தான் நாம் உயிர் பிழைத்தவர் என்போம். சொல் வந்ததும் கூடவே ஒரு சாவும் வந்து நின்றுவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் வேரிலும் இதுதான் இருக்கிறது. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே, கடந்து. ‘விவெரே’ என்றால் வாழ்தல். ஒன்றைக் கடந்தும், ஒருவர் போன பின்னும் வாழ்பவர் சர்வைவர். வங்கிப் பாஸ்புக்கில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று முத்திரை குத்தியிருப்பார்களே, இருவரில் ஒருவர் போனால் மிச்சமிருப்பவர் பணத்தை எடுக்கலாம் என்று, அங்கே இருப்பது இந்தப் பழைய பொருள். வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு இந்தச் சொல்லைப் பரவலாகக் கொண்டுவந்தவர்கள் 1970-களிலும் அதற்குப் பின்னும் மேற்கில் இயங்கிய பெண்ணியவாதிகள். அதுவரை புழங்கிய ‘விக்டிம்’ அவர்களுக்குப் போதவில்லை. ‘விக்டிமா’ என்றால் லத்தீனில் பலியிடப்படும் விலங்கு. பலி ஆடு பேசாது, முடிவெடுக்காது, திரும்பியும் வராது. அவர்கள் பார்த்த பெண்களோ பேசினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள், கோர்ட்டுக்கு வந்தார்கள்.

தமிழிலும் இதே கதை உண்டு. வடமொழியிலிருந்து வந்த ‘பலி’ தெய்வத்துக்குப் படைக்கும் படையல். செய்தித்தாளில் ‘காம வெறிக்குப் பலியான பெண்’ என்று எழுதியபோது அவளையும் படையலாக்கித்தான் எழுதினோம். அதைவிட மோசமானது ‘கற்பழிப்பு’. அடித்தவன் அவளுடைய எதையோ நிரந்தரமாக அழித்துவிட்டான் என்று அவன் சார்பில் அறிவிக்கும் சொல் அது. நல்லவேளையாகப் பெரும்பாலான நாளிதழ்கள் இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்கின்றன, இலங்கைத் தமிழர் ‘பாலியல் வல்லுறவு’ என்கிறார்கள். செயலுக்கு இப்படிச் சரியான சொல் கிடைத்துவிட்டது, செயலுக்கு ஆளானவருக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

அது ஏன் முக்கியம் என்றால், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை அச்சிடக் கூடாது என்பது சட்டம். 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவாக வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆவது பிரிவு. மிக அவசியமான பாதுகாப்பு. ஆனால் பெயர் போய்விட்ட இடத்தில் ஒரு பொதுச்சொல் வந்து உட்கார்கிறது. ஊர் முழுக்க அந்தப் பெண்ணை அந்தச் சொல்லால்தான் அறியும். அவருக்கு வெளியில் இருக்கிற ஒரே பெயர் அது.

இன்றைக்கு அந்த இடத்தில் அதிகம் உட்கார்வது ‘பாதிக்கப்பட்டவர்’. இதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘பாதா’ என்ற வடசொல்லுக்குத் துன்பம், இடையூறு என்று பொருள். அதோடு நம்முடைய ‘படு’ சேர்ந்திருக்கிறது. இலக்கணத்தில் அது செயப்பாட்டுவினை. ஆனாலும் ‘படு’வுக்குத் தமிழில் தனி எடை உண்டு. “பட்டவளுக்குத்தான் தெரியும்” என்று சொல்கிறபோது பட்டவள் வெறும் பாத்திரமல்ல, அறிந்தவள். புகார் எழுதும்போதும், டாக்டர் காயங்களைக் குறிக்கும்போதும், நீதிபதி முன் நிற்கும்போதும் ‘பாதிக்கப்பட்டவர்’ சரியான சொல்தான், ஏனென்றால் அங்கே யாரோ ஒருவர் பாதிப்பை உண்டாக்கினார் என்பதை அது மறைக்கவில்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். மூன்று வருடம் கழித்து, தையல் மெஷின் போட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறவரையும் அந்தச் சொல் அதே இரவிலேயே நிறுத்தி வைக்கிறது.

சரி, ‘பிழைத்தவர்’? என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத சொல் இது. ‘பிழை’ என்றால் குற்றம், ‘பிழைத்தல்’ என்றால் உயிரோடு இருத்தல். ‘தப்பு’ என்றால் குற்றம், ‘தப்புதல்’ என்றால் ஆபத்திலிருந்து நழுவி வருதல். இரண்டுக்கும் அடியில் இருப்பது குறி விலகுதல் என்ற கருத்து என்றுதான் எனக்குப் படுகிறது: நெறியிலிருந்து விலகினால் குற்றம், சாவு வைத்த குறியிலிருந்து விலகினால் உயிர். ‘தவறு’ம் இவற்றோடு பிறந்த சொல் போலத்தான் இருக்கிறது, ஆனால் அது மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது, “பாட்டி தவறிட்டாங்க” என்றால் இறந்துவிட்டார். பழைய தமிழில் பிழைத்தலின் குற்றப் பொருள்தான் முன்னே நிற்கிறது. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே ‘பெரியாரைப் பிழையாமை’. அதில் 896-ஆவது குறள், ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’. தீயில் வெந்தவரும் உயிர் தப்பலாம், பெரியவருக்குத் தீங்கு செய்தவர் தப்ப முடியாது என்கிறார் வள்ளுவர். உயிர் தப்புவதற்கு அவர் போடும் சொல் ‘உய்தல்’, தீங்கு செய்வதற்குப் ‘பிழைத்தல்’. இன்றைக்கு ‘உய்ந்தவர்’ என்றால் தேவாரம் ஓதுகிற மாதிரி ஒலிக்கும், படிவத்துக்கு ஆகாது.

எரியால் சுடப்பட்டவர் என்றதும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நினைவுக்கு வருகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு சென்னையில் நீண்ட காலமாகப் பணியாற்றும் பிசிவிசி அமைப்பு அங்கே தீக்காயம் பட்ட பெண்களுக்கும் துணை நிற்கிறது. (அதன் முழு ஆங்கிலப் பெயரில் இன்றும் ‘விக்டிம்’ என்ற சொல்தான் இருக்கிறது, பெயர் பழையது, வேலை அந்தப் பெயரைத் தாண்டி எப்போதோ போய்விட்டது.) தீக்காயத்தோடு வரும் பெண்ணிடம் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்று புருஷனைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை நினைத்து. அவர் பிழைத்துக்கொண்டால் அந்தத் தாள் மரண வாக்குமூலம் என்ற மதிப்பை இழந்துவிடும். முன்பு சொன்ன ஒரு வாக்குமூலம் என்ற அளவில்தான் நீதிமன்றத்தில் பயன்படும். அவர் கூண்டேறி எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். செத்திருந்தால் நம்பியிருப்பார்கள், பிழைத்ததால் குறுக்கு விசாரணை. பிழைத்தவர் என்ற சொல்லுக்குள் பிழை உட்கார்ந்திருப்பதை நான் அந்த இடத்தில்தான் மிகக் கூர்மையாக உணர்ந்தேன். ஏற்கெனவே “நீ என்ன தப்பு பண்ணே?” என்ற கேள்வியைத் தாண்டித்தான் அவர் வாசல்வரை வந்திருக்கிறார். நாம் கொடுக்கிற பெயரிலும் அந்தக் கேள்வி மணக்க வேண்டாம். இலங்கைத் துண்டறிக்கைகளில் வரும் ‘தப்பிப்பிழைத்தவர்’ இரண்டு சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அதன் துணிவு எனக்குப் பிடிக்கும், ஆனாலும் தயக்கம் விடவில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுகிற வினை ‘மீள்’. திரும்புதல், ஒன்றின் பிடியிலிருந்து விடுபடுதல் இரண்டும் அதில் உண்டு. காய்ச்சலிலிருந்து மீள்கிறோம், கடனிலிருந்து மீள்கிறோம். எந்தக் குற்றமும் அதில் ஒட்டியிருக்கவில்லை. முக்கியமானது, அது தன்வினை, அவரே செய்கிறார். பிறவினையாக்கினால் ‘மீட்டல்’. அடகுக்கடையிலிருந்து நகையை மீட்கிறோம். செய்தியில் ‘பெண் மீட்கப்பட்டார்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நகைதான் ஞாபகம் வருகிறது: வட்டி கட்டியவர் யார், ரசீது யார் கையில்? போலீஸ் கதவை உடைத்துத் தூக்கி வர வேண்டிய நிலையும் இருக்கிறது, அங்கே மீட்பு சரியான சொல்தான். ஆனால் பெரும்பாலான பெண்கள் யாராலும் மீட்கப்படவில்லை. எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டைப்பையோடு பஸ் ஏறியவர்கள்.

‘மீள்’ என்பதில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. திரும்பிப் போவதும் அதே வினைதான். இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெளியே வந்த பெண் மறுபடி அந்த வீட்டுக்கே போவார், மறுபடி வருவார், ஒரே தடவையில் முடிகிற காரியமல்ல. வாடகைக்கு வீடு கிடைக்காது, பிள்ளைக்கு டிசி தர மாட்டார்கள், அம்மாவே “அனுசரிச்சுப் போடி” என்பார். போனவரைப் பார்த்து மீளத் தெரியாதவர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதனால் முடிந்துபோன ‘மீண்டவர்’ சிலருக்குத்தான் பொருந்தும். வந்துகொண்டிருப்பவருக்கு ‘மீண்டு வருபவர்’. பெயரடையாக வேண்டுமென்றால் ‘வன்முறையிலிருந்து மீளும் பெண்’ என்று இயல்பாக எழுதலாம். ‘மீண்டெழுந்தவர்’ என்று மேடையில் முழங்குகிறார்கள். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் பாயில் படுத்திருப்பவரை அது ஒதுக்கிவிடும், நான் அதைத் தவிர்க்கிறேன்.

அவர் எங்கே வந்து சேர்கிறார் என்பதற்கும் சொற்கள் வேண்டும். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்கு அப்புறம் அமைந்த நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரல் 1 முதல் ‘ஒன் ஸ்டாப் சென்டர்’ திட்டம் நடக்கிறது. மருத்துவம், போலீஸ் உதவி, ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்தியில் அதன் பெயர் ‘சகி’, அதாவது தோழி. தமிழ்நாட்டுப் பலகைகளில் ‘ஒருங்கிணைந்த சேவை மையம்’ என்று இருக்கும். இ-சேவை மையத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றதை நானே பார்த்தேன். ‘தோழி’ என்றே வைத்திருக்கலாம், ஆனால் அந்தப் பெயரை வேலைக்குப் போகும் பெண்களின் அரசு விடுதிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. எந்த நேரமும் கூப்பிட 181 என்ற எண் இருக்கிறது. நாள்கணக்கைத் தாண்டித் தங்க வேண்டியவருக்கு ‘ஷெல்டர் ஹோம்’, தமிழில் காப்பகம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அவர் கேட்டால் காப்பகப் பொறுப்பாளர் இடம் தந்தே ஆக வேண்டும் என்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் குறைவு, அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். அதேபோல பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். முதலில் எஃப்ஐஆர் கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இந்த இடங்களிலெல்லாம் படிவத்தில் என்ன சொல் இருந்தாலும் பேச்சில் ஓடுவது ‘கேஸ்’. “நைட்டு ரெண்டு கேஸ் வந்துச்சு.” ராத்திரி முழுக்கக் கண்விழித்து அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தவரே காலையில் இப்படித்தான் சொல்வார். மனசில் ஈரம் இல்லாமல் சொல்வதல்ல, வேலைப் பழக்கம். ஆனால் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது கேட்கும். ‘ரெண்டு பேர் வந்தாங்க’ என்பதும் அதே நீளம்தான்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றித் தேய்ந்துபோன கருத்துகளைச் சுமக்கும் சொற்களை அடையாளம் காட்டும் கையேடு அது. ‘விக்டிம்’, ‘சர்வைவர்’ இரண்டும் பொருந்தும், ஆனால் அந்த நபர் ஒன்றை விரும்பிச் சொன்னால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. தமிழில் நான் இப்படி எடுத்துக்கொண்டேன்: சம்பவத்தையும் வழக்கையும் பற்றி எழுதும்போது ‘பாதிக்கப்பட்டவர்’, அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது ‘மீண்டு வருபவர்’ அல்லது ‘மீண்டவர்’. எதிரே அவரே உட்கார்ந்திருந்தால் அவர் சொல்கிற சொல்.

அந்தப் படிவத்தின் முதல் வரியை அடித்துவிட்டு ‘உங்கள் பெயர்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘உங்களை எப்படிக் கூப்பிடலாம்?’ என்று இன்னொரு வரி. கட்டைப்பைக்காரர் முதல் வரியில் ஆதாரைப் பார்த்து எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். அதோடு ஒட்டியிருந்த கணவர் பெயரை எழுதவில்லை. இரண்டாவது வரியில், வீட்டில் சின்ன வயசில் கூப்பிட்ட பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.