ஆத்தங்குடிக் கல்லில் ஈரக் கால்தடம்: நாய்க்கு வெடிப் பயம் ஏன் கூடுகிறது?

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வளவுத் (நடு முற்றத்துத்) தரையைக் குனிந்து பார்த்தால், எங்கள் நாய் மணி எங்கெங்கே போய் வந்தான் என்று ஒரு வரைபடமே கிடைக்கும். மழை இல்லை, அவன் தண்ணீரில் கால் வைக்கவும் இல்லை. ஆனாலும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் நாலு விரலும் நடு மெத்தையுமாக ஈரத் தடம், நடையிலிருந்து இரண்டாங்கட்டுக்கு, அங்கிருந்து கிணற்றடிக்கு, திரும்பவும் நடைக்கு. நாய்க்கு வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது முக்கால்வாசி சரி. பாதத்தில் மட்டும் வியர்வைச் சுரப்பி உண்டு. பயந்தால் நமக்கு உள்ளங்கை நசநசப்பது போல அதுக்குப் பாதம் ஈரமாகும்.

அன்றைக்குத் தெருமுனையில் முதல் வெடி வெடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"விடாத்தா, நாலு தீபாவளி பார்த்தா தானா பழகிரும்" என்றார் எதிர்வீட்டுச் சித்தப்பா. அவர் மட்டுமா, எங்கள் ஊர் கானாடுகாத்தானில் நான் கேட்ட எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். மணிக்கு இப்போது ஆறு வயது. முதல் தீபாவளிக்குக் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். இரண்டாவதுக்குக் கட்டிலுக்கு அடியில் போனான். மூன்றாவதில் பின்வாசல் வழியாக ஓடியேபோய், மறுநாள் மத்தியானம் ஊருணிக் கரைப் புதரில் நடுங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பழகவே இல்லை, வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டுதான் போனது.

ஆனால் இதே மணி, செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் ராத்திரி ரயில் ஊதிக்கொண்டு போகும்போது கண்ணைக்கூடத் திறக்க மாட்டான். குக்கர் விசில் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியென்றால் ஒரு சத்தத்துக்குப் பழகுகிறவன் இன்னொன்றுக்கு ஏன் பழகவில்லை? 1970-ல் க்ரோவ்ஸ், தாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வரும்போது நரம்பு மண்டலத்தில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, "இதில் ஒன்றும் இல்லை" என்று மறுவினையைக் குறைத்துக்கொண்டே போவது. இன்னொன்று, உடம்பு முழுவதையும் உசுப்பிவிட்டு, அடுத்த தடவை இன்னும் வேகமாகத் துள்ளுவதற்குத் தயார்செய்வது. சத்தம் மிதமாக, ஒரே சீராக இருந்தால் முதலாவது ஜெயிக்கும். பலமாக, எப்போது வரும் என்று தெரியாததாக இருந்தால் இரண்டாவது ஜெயிக்கும். ரயில் தூரத்திலிருந்து மெல்ல ஏறி வந்து மெல்ல இறங்கிப் போகிறது. அணுகுண்டுக்கு அப்படி ஏறுமுகமே கிடையாது, ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில் மில்லிசெகண்டில் உச்சிக்குப் போய்விடுகிறது.

இந்த வேகத்தில்தான் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பலத்த சத்தம் கேட்டால் நடுக்காதில் இருக்கும் குட்டித் தசைகள் இறுகி, உள்ளே போகும் சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். நமக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. ஆனால் அந்தத் தசை இறுகுவதற்குள் வெடி வெடித்து முடிந்திருக்கும். கதவைச் சாத்தப் போவதற்குள் திருடன் உள்ளே வந்துவிட்ட கதை. போதாததுக்கு, நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடுகிறது, நாய்க்குச் சுமார் 45,000 வரைக்கும் கேட்கும். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்புவதில் நமக்கு வராத கீச்சு ஒன்று அவனுக்கு வந்துகொண்டிருக்கலாம்.

காதில் விழுந்த உடனே என்ன நடக்கிறது என்றால், செய்தி யோசிக்கிற மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்குக் கட்டளை போய் உடம்பு துள்ளிவிடுகிறது. அதோடு அமிக்டலா என்ற பாதாம் பருப்பு வடிவப் பகுதி அபாயமணியை அடிக்கிறது, அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, பின்னாலேயே கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் வருகிறது. கார்ட்டிசால் அட்ரினலின் மாதிரி சட்டென்று வடிகிற சாமான் இல்லை. அது வடிவதற்குள் அடுத்த வெடி, அதுக்குள் அடுத்தது. சரவெடி ஒன்று முடிந்து தெரு அமைதியாகி நாம் பலகாரத் தட்டை எடுக்கும்போதும் அவன் உடம்புக்குள் சரவெடி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இடியும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து மழை இருட்டினாலே சில நாய்கள் மூலை தேடுகின்றன. கந்தக வாசனை, தீக்குச்சி உரசுகிற ஓசை என்று வெடிக்கு முன்னால் வருகிற எதுவும் அதன் கணக்கில் வெடியாகவே சேர்ந்துவிடும்.

நாய் பயந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் சகஜம். இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், உங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படுமா என்று கேட்டபோது கால்வாசிப் பேர்தான் ஆமாம் என்றார்கள். நடுங்குமா, ஒளியுமா, எச்சில் ஒழுக்குமா என்று அறிகுறிகளைச் சொல்லிக் கேட்டதும் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். ஓடி ஒளிந்தால்தான் பயம் என்றில்லை. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பிடித்த சோற்றை மோந்து பார்த்துவிட்டு நகர்வது எல்லாமே அதுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீடு இந்த விஷயத்தில் எதிரியாகவும் இருக்கும், நண்பனாகவும் இருக்கும். வளவு இருக்கிறதே, நடுவில் வானம், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், கீழே கல், வழவழவென்று பர்மாத் தேக்குத் தூண். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒரு பொருளும் இல்லை. தெருவில் போட்ட ஒரு வெடி மேலே திறந்த இடத்தின் வழியாக இறங்கி, சுவருக்குச் சுவர் மோதி இழுத்துக்கொண்டு போகும். நாமோ பாவம் என்று அவனை வளவில் தூணில் கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதைவிட மோசமான இடம் வீட்டிலேயே கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது நல்ல பக்கம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். நம் நாட்டு விதிப்படி ஒரு பட்டாசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதே வெடி 8 மீட்டரில் 119, 16-ல் 113, 32-ல் 107, 64-ல் 101. இந்த வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. தெருவாசலை விட்டு உள்கட்டுக்குப் போனாலே பாதிப் பிரச்சினையைத் தூரம் பார்த்துக்கொள்கிறது, மீதியில் ஒரு பங்கைக் கனத்த சுவர்கள். டெசிபல் மடக்கைக் கணக்கு, அதாவது 10 குறைந்தாலே ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும் என்பதால், 24 குறைந்தால் ஒலி ஆற்றல் சுமார் 250-ல் ஒரு பங்குக்கு வந்துவிடும். வளவு ஓரத்தில் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று இருக்கிறது, அப்பத்தா காலத்துப் பித்தளை அண்டாக்கள் அடுக்கியது. மணி இரண்டு தடவை தானாகவே அதுக்குள் போய்ப் படுத்திருந்தான், நாங்கள்தான் "அங்கே என்னடா இருட்டுல" என்று இழுத்துக்கொண்டு வந்தோம்! இப்போது அண்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு (இல்லாவிட்டால் அதுவே அதிரும்) பழைய மெத்தையும் ஜமுக்காளமும் போட்டு வைத்திருக்கிறோம். எதிரொலிக்கு மெத்தை மாதிரி மருந்து இல்லை. ஒரு மேஜை மின்விசிறியும் ஓடும், அந்தச் சீரான இரைச்சலில் தூரத்து வெடிகள் கொஞ்சம் கரைந்துபோகும். கதவைச் சாத்துவதில்லை. பயந்த நாயை அடைத்தால் கதவைப் பிராண்டியே நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். வீட்டின் வெளிவாசல்களைத்தான் சாத்த வேண்டும்.

அடுத்தது, "தடவிக் கொடுக்காதே, பயம் கெட்டிப்பட்டுவிடும்" என்ற உபதேசம். இது தப்பு. பரிசு கொடுத்தால் கூடுவது செயல். உட்கார் என்றால் உட்காருவது, கை கொடுப்பது. பயம் செயல் இல்லை, உணர்ச்சி. பேய்க்குப் பயந்து அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டால் பிள்ளை இன்னும் அதிகமாகப் பயப்படுமா என்ன? அவனாக வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். பதறுவது, திட்டுவது இரண்டையும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

பயத்தை உண்மையில் மாற்றுவது, ஓசை கேட்டதும் சோறு என்று பழக்கி, ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறவைத்த பாவ்லோவின் கதைதான். வெடிச் சத்தம் வந்த உடனே, ஒவ்வொரு தடவையும், அவனுக்கு உயிரான தின்பண்டம். நாளடைவில் "டமார்" என்றால் ஆபத்து என்ற கணக்கு போய், "டமார்" என்றால் ஈரல் என்ற கணக்கு வரும். சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபானி ரீமர் என்ற ஆய்வாளர் நாய் வளர்ப்பவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2020-ல் வந்தது. வெடி வெடிக்கும்போதெல்லாம் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் இருந்தது என்றார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு அது 44 சதவீதம்தான். எங்கள் வீட்டில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல். கோழி வறுவலை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது, மசாலாவில் அது இல்லாமல் நமக்கு ஆகாது.

இதில் நான் பண்ணின கூத்து ஒன்று. எதிர்வீட்டில் திரியைப் பற்றவைப்பது தெரிந்ததும் அவசர அவசரமாக எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஈரலை நீட்டினேன். தின்றான். டமார். அடுத்த தடவையும் அப்படியே. நாலாவது தடவை டப்பா மூடி "டிங்" என்றதுமே பையன் எழுந்து உள்ளே ஓட்டம். தெருவில் யாரும் எதையும் பற்றவைக்கவே இல்லை! யோசித்தால் அவன் பக்கம்தான் நியாயம். முதலில் டப்பா, பிறகு வெடி என்றால் டப்பாதான் வெடிக்கு அறிவிப்பு. வரிசை மாறினால் பாடமே மாறிப்போகிறது. சத்தம் முதலில், ஈரல் அடுத்த நொடியில். டப்பாவை மாற்றி, சாதாரண நாளிலும் அதைத் திறந்து கொடுத்து, அந்தப் பயத்தைப் போக்கவே ஒரு மாசம் ஆனது.

ஈரலையே வேண்டாம் என்கிற அளவுக்குப் பயந்துவிட்டால் பாடம் எதுவும் ஏறாது, அந்த நேரம் சாமான் அறைதான் கதி. அதனால்தான் பாடத்தை ஆனி, ஆடியிலேயே தொடங்க வேண்டும். பதிவுசெய்த வெடிச் சத்தத்தை, காது லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் வைத்து, ஈரல். நாலைந்து நாள் நிதானமாக இருந்தால் ஒரு புள்ளி கூட்டலாம். மூச்சிரைத்தால் இரண்டு புள்ளி குறைக்க வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் பழக்கினால் ஏமாந்துபோவீர்கள். அதில் கீச்சுதான் வரும், தரையோடு வருகிற அந்த "தும்" வராது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது நெஞ்சில் தட்டுகிறதே, பயத்தில் அதுக்கும் பங்கு இருக்கலாம். ஓரளவு பெரிய ஸ்பீக்கர் வேண்டும், அப்படியும் முழுசாக வராது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றாவது தீபாவளி மாதிரி ஓடிப்போகிற அளவுக்குப் போனால் மருந்து கேட்பதில் வெட்கமே வேண்டாம். ட்ராசடோன், காபாபென்டின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவர் எடைக்குத் தகுந்தபடி எழுதித் தருவார். வெடி தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், அதுக்கும் முன்னால் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுப்பதை இப்போது ஒதுக்குகிறார்கள். கால் அசையாது, ஆனால் சத்தமும் பயமும் அப்படியே இருக்கும், பார்க்கிற நமக்குத்தான் நிம்மதி. வீட்டில் இருக்கிற அலர்ஜி மாத்திரையும் அதே ரகம்தான், தூக்கம் வரும், பயம் போகாது. வயதான நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயப்பட ஆரம்பித்தால் மூட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். திடுக்கிடும்போது தசை இறுகி வலி சுண்டினால், நாய் அந்த வலியைச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடும்.

வெடிக்கிற நேரம் தெரிந்தால் பாதி வேலை சுலபம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு ஒதுக்கியது. எங்கள் தெருவில் அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று கேட்காதீர்கள். ஆனால் இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அதைச் சொல்லித்தான் எதிர்வீட்டுச் சித்தப்பா பேரனிடம் பேசினேன். வெடிக்காதே என்று சொல்லவில்லை, பத்தாயிரம் வாலாவுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லு என்று மட்டும் கேட்டேன்.

போன தீபாவளிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே மணியைச் சங்கிலியில் கட்டி ஊருணிப் பக்கம் நடத்திக் கூட்டிவந்து, வயிறு நிறையச் சோறு போட்டு, கழுத்துப் பட்டையில் என் போன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஏழு அடித்ததும் தெருவிலிருந்து குரல் வந்தது. "அக்கா, பத்தவைக்கப் போறேன், மணியைக் கூட்டிட்டுப் போங்க!" டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சாமான் அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரம் தொடங்கியது. காது மடங்கியது, உடம்பு உதறியது. மெத்தை ஓரத்துக் கல்லில் ஈரத் தடமும் இருந்தது, ஆனால் இரண்டே இரண்டுதான், ஒரே இடத்தில். பிறகு மூக்கை முந்தானைக்குள் விட்டு டப்பாவைத் தேட ஆரம்பித்தான்.